கதவுக்கு நிறம் கொடுத்தது யார்?

ஒரு வரி தருகிறேன். படித்துவிட்டு இரண்டு விநாடி நின்று, அப்புறம் மேலே படியுங்கள்.

"மழை விட்டதும் அந்தச் சிறுமி ஓடிப்போய்ப் பழைய வீட்டின் கதவைத் தட்டினாள்."

சரி, கதவு என்ன நிறம்? ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா? சிறுமி எந்தக் கையால் தட்டினாள்? அவள் முடி நனைந்திருந்ததா? நீங்கள் அவளை முதுகுப் பக்கமிருந்து பார்த்தீர்களா, பக்கவாட்டிலிருந்தா?

எல்லாவற்றுக்கும் இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டுக்கு உங்களிடம் பதில் இருக்கும். ஒருவர் "சாயம் உரிந்த பச்சைக் கதவு" என்பார். இன்னொருவர் "நிறம் தெரியவில்லை, ஆனால் கனமான மரக்கதவு, தட்டினால் மந்தமாகத்தான் சத்தம் வரும்" என்பார். வரியில் மொத்தம் ஒன்பது சொற்கள்தான். அவற்றில் நிறம் இல்லை, மரம் இல்லை, சத்தம் இல்லை. நீங்கள் கேட்காமலேயே, யாரும் சொல்லாமலேயே, உங்கள் மனம் அவற்றைப் போட்டு நிரப்பிக்கொண்டது.

இதே காட்சியைத் தொலைக்காட்சிக்காக எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே யாராவது ஒருவர் கதவின் நிறத்தை முடிவு செய்தே ஆக வேண்டும். நிறமில்லாத கதவைக் கேமரா படம் பிடிக்காது. கலை இயக்குநர் கதவைத் தேர்ந்தெடுப்பார். உடை அலங்காரம் செய்பவர் பாவாடையின் நீளத்தைத் தீர்மானிப்பார். ஒளிப்பதிவாளர் எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவெடுப்பார். தட்டும் சத்தத்தை ஒலிப் பொறியாளர் தனியாகச் சேர்ப்பார். பயமா மகிழ்ச்சியா என்பதைப் பின்னணி இசை சொல்லிவிடும். அத்தனை பேரும் திறமைசாலிகளாக இருக்கலாம், காட்சியும் அருமையாக வரலாம். ஆனால் வாசிக்கும்போது நீங்கள் தனியாகச் செய்த வேலையை இங்கே ஒரு குழுவே செய்து முடித்துவிட்டது. உங்களுக்கு மிச்சம் வைத்தது குறைவு.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது கிட்டத்தட்ட இவ்வளவுதான். கற்பனைக்குப் புத்தகம் தீனி போடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்படிப் போடுகிறது என்று கேட்டால், அது கொடுப்பதைவிடக் கொடுக்காமல் விடுவதில்தான் விஷயம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

கற்பனை எங்கிருந்து வருகிறது?

கற்பனை என்றதும் ஒன்றுமில்லாததிலிருந்து எதையோ வரவழைக்கும் மாயம் போல நினைக்கிறோம். உண்மையில் அது பழைய சாமான்களை வைத்துப் புதிதாகக் கட்டும் வேலை. உங்கள் மனதில் வந்த கதவு, நீங்கள் வாழ்க்கையில் பார்த்த பத்து இருபது கதவுகளின் துண்டுகளிலிருந்து வந்தது. சிறுமியும் அப்படித்தான்.

இதற்கு ஒரு வலுவான சான்று உண்டு. 2007-இல் லண்டனில் டெமிஸ் ஹசாபிஸ், எலனோர் மக்வையர் முதலியோர் ஓர் ஆய்வு செய்தார்கள். (ஹசாபிஸ் பிறகு செயற்கை நுண்ணறிவுப் பக்கம் போய், 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.) மூளையில் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி இருக்கிறது. நடந்ததை நினைவில் வைக்க அது மிக முக்கியம். அந்தப் பகுதி சேதமடைந்து ஞாபகத்தை இழந்த ஐந்து பேரிடம் பழைய நினைவுகளைக் கேட்காமல், புதிதாக ஒன்றைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். "வெண்மணல் கடற்கரையில் படுத்திருக்கிறீர்கள், சுற்றிலும் என்ன இருக்கிறது, சொல்லுங்கள்" என்பது போன்ற எளிய கேள்விகள்தான். பெரும்பாலோரால் முடியவில்லை. நீல வானம், வெள்ளை மணல் என்று துண்டு துண்டாகச் சொன்னார்களே தவிர, அவை ஒன்றுசேர்ந்து ஓர் இடமாக ஆகவில்லை. நினைவுக் கிடங்கில் பழுது வந்தபோது கற்பனைப் பட்டறையும் நின்றுபோனது.

ஆகவே ஒரு வரியைப் படித்துக் காட்சியாக்கும்போது நீங்கள் மூன்று காரியம் செய்கிறீர்கள்: கிடங்கிலிருந்து துண்டுகளை எடுக்கிறீர்கள், எது பொருந்தும் என்று பார்க்கிறீர்கள், எடுத்தவற்றை ஒட்டவைக்கிறீர்கள். கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதால் இது வேலையாகவே தெரிவதில்லை. ஆனால் வேலைதான். செய்யச் செய்யக் கை பழகும் வேலை.

நாம் 'மனக்கண்' என்கிறோமே, அந்தச் சொல்லை உருவாக்கியவர் யாரோ, கூர்மையாகத்தான் கவனித்திருக்கிறார். வெளிக்கண்ணும் மனக்கண்ணும் ஒரே பாதையைப் பெருமளவு பகிர்ந்துகொள்கின்றன. 1910-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் செவிஸ் பெர்க்கி என்ற உளவியலாளர் ஒரு குறும்பான சோதனை செய்தார். ஆட்களைக் கண்ணாடித் திரை முன் உட்காரவைத்து, அதில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி தக்காளியையோ வாழைப்பழத்தையோ மனதில் கற்பனை செய்யச் சொன்னார். அவர்களுக்குத் தெரியாமல் திரையின் பின்னாலிருந்து அதே பொருளின் மிக மங்கலான படத்தை ஒளியால் விழச் செய்தார். பார்த்தவர்கள் அதைத் தங்கள் சொந்தக் கற்பனை என்றே நினைத்துக்கொண்டார்கள். வாழைப்பழம் நெட்டுக்குத்தாக நிற்பதைப் பார்த்து, "மரத்தில் தொங்குவதை நினைத்திருப்பேன் போல" என்ற மாதிரி சமாதானம் சொன்னவரும் உண்டு.

திரையில் தெரிவதையும் மனம் வரைவதையும் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினம் என்றால், பிரகாசமான, அசையும், சத்தமிடும் திரையின் முன்னால் மெல்லிய மனப்படம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். தெருவிளக்கு எரியும்போது நட்சத்திரம் தெரியாதது போலத்தான். நட்சத்திரம் எங்கும் போய்விடவில்லை, வெளிச்சம்தான் அதிகம்.

சொல்லாமல் விடுவதும் ஒரு கலை

1915-இல் ஃபிரான்ஸ் காஃப்கா என்ற எழுத்தாளரின் 'உருமாற்றம்' கதை புத்தகமாக வரவிருந்தது. ஒரு மனிதன் காலையில் கண்விழிக்கும்போது பூச்சியாக மாறிக் கிடக்கும் கதை. அட்டைப்படம் வரைபவர் அந்தப் பூச்சியையே வரைந்துவிடுவாரோ என்று காஃப்காவுக்குக் கவலை. பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார்: பூச்சியை வரையக் கூடாது, தூரத்தில் தெரிவது போலக்கூட வேண்டாம் என்று. அவர் கேட்டபடியே நடந்தது. அட்டையில் ஒரு மனிதர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு விலகி நடக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. உள்ளே ஒரே இருட்டு.

அந்த இருட்டுக்குள் இருப்பது இன்று வரை ஒவ்வொரு வாசகருக்கும் வேறு வேறு பூச்சி. கரப்பான் என்பார் சிலர், வண்டு என்பார் சிலர். வரைந்திருந்தால் அது ஒரே பூச்சியாகியிருக்கும். பார்த்துப் பழகியும் போயிருக்கும்.

ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஈஸர் என்ற இலக்கிய அறிஞர் 1970-களில் இதை ஒரு கோட்பாடாகவே வளர்த்தார். எழுத்தில் இடைவெளிகள் இருக்கின்றன, அவற்றை வாசகர் நிரப்பும்போதுதான் படைப்பு முழுமையாகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். படித்த கதையைப் படமாகப் பார்க்கும்போது வரும் "ச்சே, இவர் இப்படி இல்லையே" என்ற ஏமாற்றத்தையும் அவர் விளக்கினார். அந்த நடிகர் நன்றாக நடிக்கவில்லை என்பதல்ல பிரச்சினை. படிக்கும்போது நம் கதாநாயகனுக்குத் துல்லியமான முகமே கிடையாது. ஒரு சாயல், ஒரு நடை, ஒரு குரல் இருக்கும், மீதி திறந்தே கிடக்கும். திரை அந்தத் திறப்பை மூடிவிடுகிறது. எனக்கே நடந்திருக்கிறது. பிடித்த ஒரு நாவலின் தொடர் வடிவத்தை ஆசையாக உட்கார்ந்து பார்த்தேன். அன்றிலிருந்து அந்தப் பாத்திரம் எனக்கு நடிகரின் முகத்தோடுதான் வருகிறது. பழைய ஆள் எப்படி இருந்தார் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

தமிழுக்கு இது புதிய சங்கதியும் அல்ல. சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவதற்குத் தொல்காப்பியம் உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் பெயர் வைத்துப் பேசுகிறது. மருதத் திணைப் பாட்டில் ஓர் எருமை குளத்தில் இறங்கிப் பூக்களை மிதித்துச் சிதைக்கும். பாட்டு எருமையைப் பற்றித்தான் பேசும். வீட்டை மறந்து வேறு இடத்தில் திரியும் தலைவனைப் பற்றி வாய் திறக்காது. அங்கே போய்ச் சேர வேண்டியது கேட்பவர் பொறுப்பு. வாசகரை நம்பி ஒரு வேலையைக் கொடுப்பது எழுதுபவர் செய்யும் மரியாதை என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

வேகம் யார் கையில்?

நிரப்புவதற்கு இடம் இருந்தால் மட்டும் போதாது, நேரமும் வேண்டும்.

வாசிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். அப்படிப் போவதில்லை. தாவித் தாவித்தான் போகிறது. ஓர் இடத்தில் ஏறத்தாழ கால் விநாடி நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். ஆங்கில வாசகர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், இந்தத் தாவல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கிப் போகின்றன. அதாவது படித்த சொல்லையே திரும்பிப் பார்க்கின்றன. யாரும் கட்டளையிடாமலே நாம் வேகத்தைக் கூட்டுகிறோம், குறைக்கிறோம், திரும்புகிறோம். நல்ல வரி வந்தால் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிச் சுவரை வெறிக்கிறோம். பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் இந்தத் 'தலை நிமிர்ந்து வாசிப்பதை' ஒரு தனி வகை வாசிப்பாகவே எடுத்துப் பேசினார். கவனம் சிதறியதால் தலை நிமிர்வது ஒன்று. மனம் நிறைந்து வழிந்ததால் நிமிர்வது வேறு.

தொலைக்காட்சியில் காட்சி விநாடிக்கு 25 அல்லது 30 படங்களாக ஓடுகிறது. ஒரு காட்சி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை எடிட்டர் முடிவு செய்துவிட்டார். "இப்போதெல்லாம் ரிமோட்டில் நிறுத்தலாமே" என்பீர்கள். நிறுத்தலாம். தேநீர் போட எழுந்திருக்கும்போது நிறுத்துகிறோம். ஒரு பாத்திரத்தின் தனிமையை நினைத்துப் பார்ப்பதற்காக எத்தனை பேர் நிறுத்தியிருக்கிறோம்? நிறுத்தினாலும் திரையில் உறைந்து நிற்பது ஒரு முகம், வாய் பாதி திறந்தபடி. அது யோசிக்க விடாது.

இன்னொன்றும் உண்டு. சட்டென்று எதாவது அசைந்தாலோ வெளிச்சம் மாறினாலோ கண் தானாக அங்கே திரும்பும். நம்மைப் பாம்பிடமிருந்தும் விழும் கிளையிடமிருந்தும் காப்பாற்றிய பழைய குணம் அது. ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். திரையில் காட்சி வெட்டி வெட்டி மாறும்போது ஒவ்வொரு வெட்டும் இந்தக் குணத்தைத் தட்டி எழுப்புகிறது. பிடிக்காத நிகழ்ச்சியைக்கூட ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறோமே, அதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

1970-களின் தொடக்கத்தில் கனடாவில் ஒரு சிற்றூர் இருந்தது. பள்ளத்தாக்கில் இருந்ததால் தொலைக்காட்சி அலை எட்டவில்லை. மற்றபடி சாலை, பள்ளி எல்லாம் உள்ள சாதாரண ஊர். அங்கே தொலைக்காட்சி வரப்போகிறது என்று தெரிந்ததும் டானிஸ் மெக்பெத் வில்லியம்ஸ் என்ற உளவியலாளரும் குழுவினரும் இந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து 'நோடெல்' என்று பெயரிட்டார்கள். ஒரே ஒரு சானல் கிடைத்த இன்னொரு ஊருக்கு 'யூனிடெல்', பல சானல்கள் கிடைத்த ஊருக்கு 'மல்டிடெல்'. 1973-இல் நோடெலுக்குத் தொலைக்காட்சி வருவதற்கு முன்னும், இரண்டு ஆண்டு கழித்தும் மூன்று ஊர்களையும் அளந்தார்கள். 1986-இல் முடிவுகள் நூலாக வந்தன.

குழந்தைகளுக்குக் கொடுத்த சோதனைகளில் ஒன்று: அன்றாடப் பொருள் ஒன்றின் பெயரைச் சொல்லி, அதை வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்பது. செய்தித்தாள் என்றால் படிக்கலாம், அது எல்லோருக்கும் தெரியும். தொப்பி செய்யலாம், ஈ அடிக்கலாம், படகு விடலாம் என்று எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதுதான் கணக்கு. தொலைக்காட்சி வருமுன் நோடெல் குழந்தைகள் மற்ற இரண்டு ஊர்க் குழந்தைகளைவிட முன்னால் இருந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து அந்த முன்னிலை காணாமல் போயிருந்தது.

இதை நான் முதலில் படித்தபோது "பார்த்தீர்களா!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது கொஞ்சம் நிதானித்துச் சொல்வேன். சிறிய ஊர், அளந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைவு. டிவி நேரடியாகக் கற்பனையைச் சுரண்டியதா, அல்லது அது வந்ததால் விளையாட்டு, அரட்டை, சும்மா இருப்பது எல்லாம் குறைந்து அதனால் வந்த விளைவா என்பதைப் பிரித்துச் சொல்வது கடினம். எனக்கென்னவோ இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று படுகிறது. சலிப்பாக உட்கார்ந்திருக்கும் மதியங்களில்தான் செய்தித்தாள் தொப்பியாகிறது.

அமெரிக்காவில் பட்ரீசியா கிரீன்ஃபீல்டும் சக ஆய்வாளர்களும் 1980-களில் வேறு மாதிரி பார்த்தார்கள். பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு கதையை வானொலி வடிவிலும் இன்னொன்றைத் தொலைக்காட்சி வடிவிலும் கொடுத்து, முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டு "மீதியை நீங்கள் சொல்லுங்கள்" என்றார்கள். காதால் மட்டும் கேட்ட கதைக்கு முடிவு சொன்னபோதுதான் கதையில் இல்லாத புதிய ஆட்களும் புதிய சம்பவங்களும் அதிகம் வந்தன. படம் இல்லாத இடத்தில் மனம் கை வைக்கத் தயங்கவில்லை.

2020-இல் ஜெர்மனியில் செபாஸ்டியன் சுகேட்டும் பிலிப் மார்ட்சோக்கும் வெளியிட்ட ஆய்வு 266 குழந்தைகளைப் பத்து மாதம் தொடர்ந்தது. வயது 3 முதல் 9 வரை. திரை நேரம் அதிகமாக இருந்த குழந்தைகளுக்கு, பொருள்களை மனதில் கொண்டுவந்து ஒப்பிடும் திறன் அந்த இடைவெளியில் குறைவாகவே வளர்ந்திருந்தது.

பெற்றோர்களுக்கு அதிகம் பயன்படும் ஆய்வு ஜான் ஹட்டனுடையது. அமெரிக்காவின் சின்சினாட்டியில் பள்ளிக்குப் போகாத வயதுள்ள 27 குழந்தைகளை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, கதைகளை மூன்று விதமாகக் கொடுத்தார்: வெறும் ஒலியாக, படங்களோடு ஒலியாக, அனிமேஷனாக. வெறும் ஒலியில் மொழிப் பகுதிகள் திணறின, நான்கு வயதுக்கு அது கொஞ்சம் அதிகம். அனிமேஷனில் பார்க்கும் பகுதியும் கேட்கும் பகுதியும் மும்முரமாக இருந்தன, ஆனால் மூளையின் வெவ்வேறு வலைப்பின்னல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது குறைந்தது. அசையாத படங்களோடு கேட்டபோதுதான் சரியான பதம். படம் ஒரு கைப்பிடி கொடுத்தது, ஒரு படத்திலிருந்து அடுத்த படம் வரைக்குமான அசைவை மனமே செய்துகொண்டது. ஆகவே "கற்பனை வளர வேண்டும், படமே காட்டாதே" என்று சின்னக் குழந்தையைப் படுத்த வேண்டியதில்லை. படக்கதைப் புத்தகம் நல்ல நண்பன்.

பெரியவர்கள் மௌனமாகக் கதை படிக்கும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறார்கள். 2009-இல் நிக்கோல் ஸ்பியர், ஜெஃப்ரி ஜாக்ஸ் குழுவின் ஆய்வில், கதாபாத்திரம் ஒரு பொருளைக் கையில் எடுப்பதைப் படித்தபோது, உண்மையில் கையால் பிடிக்கும்போது வேலை செய்யும் பகுதிகள் வாசகரின் மூளையில் உயிர்பெற்றன. நாற்காலியில் சாய்ந்து கிடந்தாலும் உள்ளுக்குள் ஓர் ஒத்திகை நடக்கிறது. நம் சிறுமி கதவைத் தட்டியபோது உங்கள் கையும் கொஞ்சம் தட்டியிருக்கலாம்.

டிவிக்காகவும் கொஞ்சம் வாதாடுகிறேன்

இந்த விஷயத்தில் ஏராளமான கட்டுக்கதைகள் சுற்றுகின்றன. டிவி பார்க்கும்போது மூளை தூக்கத்தைவிடக் குறைவாக வேலை செய்கிறது என்பது அவற்றில் ஒன்று. தப்பு. திரையைப் பார்க்கும்போது காட்சியைக் கையாளும் பகுதிகள் நன்றாகவே உழைக்கின்றன. உழைப்பின் வகைதான் வேறு: வந்ததைப் புரிந்துகொள்ளும் உழைப்பு அதிகம், இல்லாததை உண்டாக்கும் உழைப்பு குறைவு.

அதேபோல், நல்ல இயக்குநர்களும் இடைவெளி விடுவார்கள். மூடிய கதவைக் காட்டி உள்ளிருந்து சத்தம் மட்டும் கேட்கவைப்பார்கள். ஒரு முகத்தை வசனமில்லாமல் பத்து விநாடி காட்டுவார்கள். அந்த முகத்துக்குப் பின்னால் என்ன ஓடுகிறது என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். புத்தகமோ சில சமயம் "அவன் மனதில் பொறாமை எழுந்தது" என்று போட்டு உடைத்துவிடும். வெளித்தோற்றத்தைப் புத்தகம் நமக்கு விடுகிறது, உள்மனதைத் திரை நமக்கு விடுகிறது என்று ஒரு கணக்குக்குச் சொல்லலாம். ஆனால் பெரும்பாலான தொடர்கள் அந்த முகத்தையும் சும்மா விடுவதில்லை. மூன்று முறை அதிரும் இசை, மூன்று பேருடைய முகம், அப்புறம் என்ன நினைக்கிறார் என்பதை அவர் குரலிலேயே சொல்லவும் வைப்பார்கள். அங்கே பார்வையாளருக்கு ஒரு வேலையும் கிடையாது.

கிடங்கு நிரம்பவும் வேண்டும் அல்லவா? ஆழ்கடல் மீனையோ பனிச்சிகரத்தையோ நேரில் பார்க்காதவருக்கு அந்தத் துண்டுகளைக் கொடுத்தது பெரும்பாலும் திரைதான். ஆவணப்படம் பார்த்த பிறகு கடலைப் பற்றிப் படித்தால் மனக்கடலில் மீன்கள் கூடுதலாக நீந்தும்.

மறுபக்கம், புத்தகம் என்ற பெயர் இருந்தாலே போதும் என்பதும் இல்லை. முன்பே பார்த்துச் சலித்த வர்ணனைகளால் கட்டிய கதை கற்பனைக்கு ஒன்றும் கொடுக்காது. 'நிலவு போன்ற முகம்' என்று படித்ததும் யாருக்கும் நிலவும் தெரிவதில்லை, முகமும் தெரிவதில்லை. அடுத்து என்ன என்ற வெறியில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போவதும் கிட்டத்தட்ட டிவி பார்ப்பது மாதிரிதான். இன்னொரு வேடிக்கை: 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாவல்களின் மேல் வைத்த குற்றச்சாட்டே, அவை இளைஞர்களின் கற்பனையை அளவுக்கு மீறித் தூண்டுகின்றன என்பதுதான்.

எனக்குப் படமே தெரியவில்லையே?

முதலில் கொடுத்த சோதனையில் கதவும் தெரியாமல் சிறுமியும் தெரியாமல் வெறும் இருட்டாக இருந்தவர்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. 1880-இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கில அறிஞர், பலரிடம் "இன்று காலை உணவு மேசையை மனதில் கொண்டுவாருங்கள், எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது?" என்று கேட்டார். பெரிய அறிவியலாளர்கள் சிலர் "மனதில் தெரிவதா? அது ஒரு பேச்சுவழக்கு என்றல்லவா இத்தனை நாள் நினைத்தேன்" என்ற தோரணையில் பதில் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த நிலைக்கு 2015-இல் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தின் ஆடம் ஜீமன் 'அஃபான்டேசியா' என்று பெயரிட்டார்.

மனதில் படமே வராதவர்களிலும் ஆசையாக நாவல் படிப்பவர்கள் இருக்கிறார்கள், ஓவியர்கள் இருக்கிறார்கள். கற்பனை என்பது படம் மட்டுமே என்று எண்ணுவதால்தான் இது விசித்திரமாகத் தெரிகிறது. கதவைத் திறப்பது யாராக இருக்கும், அவள் ஏன் மழை விடும்வரை காத்திருந்தாள், வீட்டில் யாருமே இல்லாவிட்டால் அடுத்து எங்கே போவாள் என்று யோசிப்பதும் கற்பனைதான். என்னைக் கேட்டால், அதுதான் பெரிய பாதி.

நீண்ட நாள் திரைக்குப் பழகிவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்புகிறவர்கள் வேறு ஒரு குறை சொல்வார்கள்: "பத்துப் பக்கம் படித்தேன், எழுத்துதான் தெரிகிறது, ஒன்றும் ஓடவில்லை." வெயிலிலிருந்து இருட்டறைக்குள் நுழைந்தவருக்கு முதலில் எதுவும் தெரியாது. கொஞ்ச நேரம் நின்றால் நாற்காலி தெரியும், ஜன்னல் தெரியும். புத்தகமும் அப்படித்தான். இருபது முப்பது பக்கம் பொறுமை வேண்டும். பக்கத்தில் போன் மினுக்கிக்கொண்டிருந்தால் கண் ஒவ்வொரு தடவையும் வெயிலுக்குப் போய்த் திரும்பும். அதை வேறு அறையில் வைத்துவிடுங்கள். படமாகவும் வந்திருக்கும் கதை என்றால் முதலில் படித்துவிட்டுப் பிறகு பாருங்கள். தலைகீழாகச் செய்தால் நடிகர்கள் உங்களுக்கு முன்பே உள்ளே குடியேறியிருப்பார்கள். குழந்தைக்கு வாசித்துக் காட்டும்போது நடுவில் நிறுத்தி "அப்புறம் என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். தப்பான பதில் சொன்னால் திருத்தாதீர்கள். ஆசிரியர் எழுதியதைவிட அது நன்றாக இருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது.

நானும் ஒரு நண்பரும் ஒரே நாவலை ஒரே மாதத்தில் படித்தோம். கதை முழுக்க ஒரு வீட்டுக்குள் நடக்கிறது. ஒருநாள் பேச்சுவாக்கில், ஆளுக்கு ஒரு தாளில் அந்த வீட்டின் வரைபடத்தைப் போட்டுப் பார்ப்போம் என்றார். போட்டோம். கூடம் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. படிக்கட்டில் சண்டை வந்துவிட்டது. வாசலில் நுழைந்ததும் இடப் பக்கம் என்று நான் வரைந்திருந்தேன். பின்கட்டில், வலப் பக்கம், வளைந்து ஏறும் என்பது அவருடைய கட்சி. அதில் கைப்பிடி மரத்தால் ஆனது என்றுகூட அடித்துச் சொன்னார். கடைசியில் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கங்களைப் புரட்டினோம். படிக்கட்டு என்ற சொல்லே எங்கும் இல்லை. "அவள் மேலே போனாள்" என்று மட்டும் இருந்தது.